மேகம் வானத்தில் இல்லை!



“கம்ப்யூட்டர் வந்தாச்சு, செல்போன் வந்தாச்சு, இனிமே காகிதம் மிச்சம், மரம் மிச்சம், சுற்றுச்சூழல் பிழைச்சுது.” பேச்சுப் போட்டி மேடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இது பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதியைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து தெற்கே எண்ணூர் வரைக்கும் போனாலே போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்

மீன் விற்ற காசு இன்று செல்போனிலேயே வந்துவிடுகிறது. யூ.பி.ஐ. முறை 2016-இல் தொடங்கியது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் அதில் 17,000 கோடி தடவைக்கு மேல் பணம் கை மாறியிருக்கிறது. இத்தனைக்கும் பேங்க்குக்கு நடந்து, சலான் எழுதியிருந்தால் எவ்வளவு காகிதம், எவ்வளவு பெட்ரோல்!

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலில் மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது. தேடி அலையும் டீசல் மிச்சம். புயல் எச்சரிக்கையும் கைக்கே வருகிறது. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேராமல் எத்தனை உயிர் போனது! அதை நினைத்தால் செல்போனை யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது மறுபக்கம்

“போட்டோவை எல்லாம் கிளவுட்ல போட்டுட்டேன்” என்கிறோம். கிளவுட் என்றால் மேகம். ஆனால் அந்த மேகம் வானத்தில் இல்லை நண்பர்களே! அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய பெரிய கட்டிடங்களாகத் தரையில் நிற்கிறது. ‘டேட்டா சென்டர்’ என்று பெயர். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இரவு பகல் ஓடுகின்றன. சூடாகாமல் இருக்க அவற்றைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் கரண்ட், பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை குடத்தோடு நின்றதை மறந்துவிடலாமா?

உலகத்து டேட்டா சென்டர்கள் 2024-இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் இழுத்தன என்றும், 2030-இல் அது இரண்டு மடங்கைத் தாண்டலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. மொத்த உலக மின்சாரத்தில் இது நூற்றில் ஒன்றரை பங்குதான். ஆனால் வளரும் வேகத்தைப் பாருங்கள்!

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியில் இருந்துதான். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே வல்லூர் அனல்மின் நிலையம். 2024 மார்ச்சில் வடசென்னையில் மேலும் 800 மெகாவாட் சேர்ந்தது. எரித்த கரி சாம்பலாகிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது.

“அது எண்ணூர் கதை, நமக்கென்ன?” என்று கேட்கலாம். எண்ணூரையும் நம்ம ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. மடவைக்கும் இறாலுக்கும் ஊர் எல்லை தெரியாது.

அந்தச் சாம்பல் எல்லாம் செல்போனால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நம்ம வீட்டு ஃபேனும் லைட்டும் அதே கரண்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால் ‘புகை இல்லாத தொழில்’ என்று ஒன்றைப் பாராட்டும்போது, அதன் புகை யார் ஊரில் கிளம்புகிறது என்று கேட்க வேண்டாமா? பட்டனைத் தட்டுவது ஓர் இடம், சாம்பல் விழுவது வேறு இடம்.

குப்பையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகம் 6 கோடி டன்னுக்கு மேல் மின்னணுக் குப்பை போட்டது. அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரிக்கப்படவில்லை என்கிறது ஐ.நா. அறிக்கை.

பாடு சொல்லும் பாடம்

இதற்கு வழி நம்ம ஏரியிலேயே இருக்கிறது. இறால் நன்றாகப் படும் இடம் ஏரியில் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் யாருக்கும் மிஞ்சாது. அதனால்தான் தலைக்கட்டு வாரியாக முறை வைத்துப் ‘பாடு’ பிரித்தார்கள். இன்னைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பாடு கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு மனக்குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ‘இருப்பது அளவுதான்’ என்பதை ஒத்துக்கொண்ட முறை அது.

டிஜிட்டல் உலகத்தில் அந்தப் பாடு இல்லை. ஒரு தடவைக்கு ஆகும் செலவு குறைகிறது, சரி. ஆனால் ஒரு தடவை பார்த்ததை நூறு தடவை பார்க்கிறோமே! மீன் இருக்கும் இடம் எல்லாப் போட்டுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால், டீசல் மிச்சமாகும், மீன் மிச்சமாகுமா? கருவி புத்திசாலியானால் மட்டும் போதாது. அளவு சொல்ல மனுஷன் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* நல்லா இருக்கும் போனை மாடல் பழசு என்று மாற்றச் சொல்லி வீட்டில் அடம் பிடிக்கக் கூடாது. ரிப்பேர் பார்த்து ஓட்டலாம்.
* பழைய பேட்டரி, சார்ஜர், ஒயரை ஏரிக்கரையில் வீசவோ கொளுத்தவோ கூடாது. நம்ம பள்ளியில் ஒரு பெட்டி வைத்துச் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுக்க ஆசிரியர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.
* டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள், தங்கள் கரண்ட்டும் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். காற்றாலைக்குப் பேர் போன தமிழ்நாட்டில் காற்றிலும் வெயிலிலும் அவற்றை ஓட்டச் சொல்லிக் கேட்பது பேராசை இல்லை.

முதல் இரண்டும் நம்ம கையில். மூன்றாவதுதான் பெரியது. அதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? சாம்பல் விழுவது நம்ம தண்ணீரில்தானே!

— 10-ஆம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு