ஹாஸ்டலில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

மே மாதம் வந்தால் சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகிற சாலையெங்கும் பள்ளி விளம்பரங்கள்தான். மதிப்பெண்ணும் மாணவர் முகமுமாகப் பலகைகள். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது, பலகைகள் நின்றபாடில்லை. இதே வாரங்களில்தான், ஓரிடத்தில் உட்காராத, சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துவிடுகிற பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு யோசனை சொல்லப்படுகிறது: “ஆறாவதுல ஹாஸ்டல்ல போட்டுருங்க, தன்னால அடங்கிருவான்.”

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு – மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இந்த யோசனை பெரும்பாலும் கேடாகவே முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

யோசனை சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா லாரியிலோ திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டியிலோ வடமாநிலம் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அப்பா அம்மா இருவருமே தறிக்குப் போகிறார்கள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்க ஆளில்லாத வீட்டில், விடுதி என்பது பெற்றோர் கடன்பட்டு வாங்கித் தரும் பாதுகாப்பு. ‘இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கட்டுக்கோப்பு தேவை’ என்று அவர்கள் சொல்வதும் பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு இந்தக் குறைபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். இதன் சாயலுள்ள குழந்தைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் உரையாற்றியது 1902இல். மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு இது. வளர்ப்புக் கோளாறோ திமிரோ காரணமில்லை என்பதில் மருத்துவ உலகுக்கு இன்று சந்தேகமில்லை. ஏடிஎச்டிதான் என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறி தென்பட வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். சேட்டை செய்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது. சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கு இது இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போவதுண்டு.

இந்தப் பிள்ளைகளுக்குச் செப்டம்பரில் வரும் காலாண்டுத் தேர்வு மனதில் உறைக்காது. இன்று மாலை கிடைக்கப்போகும் பாராட்டு உறைக்கும். நினைவில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை எதற்கும் வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். “ஐடி கார்டு எடுத்தியா? கணக்கு நோட்டு எங்க?” என்று காலையில் அம்மா கேட்கிறாரே, அதுதான் அந்தக் கை. விடுதியில் மணி அடிக்கும், கேட்பதற்கு ஆள் இருக்காது. நோட்டை மறந்தவனுக்கு அங்கே கிடைப்பது தண்டனை. விடியற்காலை ஸ்டடி, இரவு ஸ்டடி என்று தூக்கத்தில் கை வைத்தால், இருக்கிற கவனமும் போய்விடும். ஓடியாட வேண்டிய உடம்பு மணிக்கணக்காக அசையாமல் உட்கார வேண்டும். கட்டுக்கோப்பு என்று பெற்றோர் நம்பிப் பணம் கட்டியதில் பிள்ளைக்குப் பயன்படுகிற பகுதி மிகச் சிறியது.

ஆகவே அட்மிஷனுக்கு அலைவதற்கு முன், மே மாதத்தை வேறு விதமாகச் செலவிடலாம்.

முதலில் மருத்துவர். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கேயின் பரிசோதனைப் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. 18 வயது வரை பார்க்கிறார்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாக இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மருந்து என்றதும் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், சரியாகக் கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் தருவதைவிட முதன்மை அறிகுறிகளை நன்றாகவே குறைத்தது. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மெதில்ஃபெனிடேட் போன்றவை கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள், எல்லாக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று பள்ளி திறப்பதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

அடுத்தது தூக்கம். விடுமுறையில் நள்ளிரவு வரை போன் பார்த்த பிள்ளையை ஜூன் முதல் வாரத்தில் ஒரே நாளில் ஐந்தரைக்கு எழுப்ப முடியாது. இரண்டு வாரம் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னே இழுக்க வேண்டும்.

அப்புறம் பை. ஐந்தாவது வரை பெரும்பாலும் ஓர் ஆசிரியரே பல பாடம் எடுத்தார். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர், நோட்டுகளும் இரட்டிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பிரவுன் அட்டை, ஒரே மாதிரி லேபிள். பீரியட் மாறுகிற அவசரத்தில் இந்தப் பிள்ளை பையைத் துழாவி அறிவியலுக்குப் பதில் சமூக அறிவியலை எடுப்பான். சரியானதைத் தேடி எடுப்பதற்குள் ஆசிரியர் இரண்டு வரி கடந்திருப்பார். நோட்டின் முதுகில் பாடத்துக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டி, டைம்டேபிளிலும் அந்தந்தப் பாடத்துக்கு அதே நிறத்தை அடித்து, பையின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். மறுநாளுக்கான பையை இரவே பிள்ளை அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

வகுப்பாசிரியரை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும், புகார் வருவதற்கு முன்பே. கையில் ஒரு பக்கக் கடிதம் இருந்தால் போதும். கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி முன்வரிசையில் இடம், ஒரு தடவைக்கு ஒரே கட்டளை, இடையிடையே போர்டு அழிக்கவோ நோட்டு அடுக்கவோ ஒரு வேலை, மாலையில் டைரியில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து வீட்டில் அன்றே பாராட்ட வேண்டும். அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஆசிரியரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

“சொன்னால் டிசி கொடுத்துவிடுவார்களே” என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது, அடிக்கவோ மனதை நோகடிக்கவோ கூடாது, சேர்க்கையின்போது தேர்வு வைக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் பள்ளிகள் தவிர, பெரிய விடுதிகள் நடத்தும் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அவற்றைச் சட்டப்படி நடக்க வைப்பது கல்வித் துறையின் பொறுப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பதுபோல, நூற்றுக்கணக்கில் விடுதிப் பிள்ளைகளை வைத்திருக்கும் பள்ளிகளிலும் ஒருவரையாவது நியமிக்கச் சொல்ல வேண்டும்.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளன, ஏடிஎச்டி தனியாக இல்லை. அதைச் சேர்க்கக் கோர வேண்டும். ஏடிஎச்டி உள்ள பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கும்; அப்படியானால் சான்றிதழ் பெற்றுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அந்த அலைச்சலைப் பத்தாம் வகுப்பு அரையாண்டு வரை தள்ளிப்போடாமல், ஆறாவது ஏழாவதிலேயே தொடங்குங்கள்.