மயக்கத்தில் மூளையையும் கவனியுங்கள்: மூத்த வீரர்களின் அறுவை சிகிச்சை பற்றி எங்கள் நிலைப்பாடு

சேலம், நாமக்கல் சமவெளியில் அறுபதைத் தாண்டியும் மைதானத்தை விடாத தடகளக்காரர்களின் சங்கம் நாங்கள். முட்டியும் இடுப்பும் எங்களை அறுவை அரங்குக்கு அனுப்புகின்றன. மூட்டைப் பற்றி டாக்டர்கள் நிறையவே சொல்கிறார்கள். அறுவை நடக்கும் இரண்டு மணி நேரத்தில் மூளைக்கு என்ன ஆகிறது என்று நாங்கள் கேட்பதும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு வயது 71. விடியற்காலை ஐந்துக்கெல்லாம் ஓடத் தொடங்கிவிடுவார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் இரவு ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, "ஃபர்ஸ்ட் கால் குடுத்துட்டாங்க, என் ஸ்பைக்ஸ் எங்க?" என்று எழுந்தார். "நாப்பத்தஞ்சு வருசமாக் கூட இருக்கறேன், என்னையப் பாத்து யாருங்க நீங்கன்னு கேக்கறாருங்க" என்று அவர் வீட்டம்மா அழுதார். டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வயதானால் அப்படித்தான் என்றார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. இது சித்தக்குழப்பம், பெயருள்ள நோய்.

மயக்க மருந்து கூடிப்போவதும் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாகலாம் என்ற ஐயத்தால், 60 வயதைத் தாண்டியவருக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது மூளை அலைக் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின்னலைகளைப் பிடித்து, திரையில் 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டும். விழித்திருப்பவருக்கு 100-ஐ ஒட்டி இருக்கும். அறுவைக்கு 40 முதல் 60 போதும். 40 வயதுக்குப் பின் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மயக்க வாயுவின் தேவை சுமார் 6 விழுக்காடு குறைகிறது. எங்கள் கெண்டைக்காலைப் பார்த்து இளவட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். நெடுங்காலம் ஓடியவர்களுக்கு ஓய்வில் நாடி 50-க்குக் கீழேகூட இருக்கும். அதை மட்டும் வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கவும் வேண்டாம்.

இந்தக் கண்காணிப்பு குழப்பத்தைக் குறைக்குமா என்பதில் மருத்துவ உலகம் ஒருமனப்படவில்லை. அதை மறைத்துக் கேட்பது முறையல்ல. ஹாங்காங்கில் 921 பேரிடம் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், கண்காணிப்பு இருந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கும் இல்லாதவர்களில் 24.1 விழுக்காட்டினருக்கும் குழப்பம் வந்தது. அமெரிக்காவில் 1,232 பேரை வைத்துச் செய்த 2019 ஆய்வில் குறையவே இல்லை. கனடாவில் இதய அறுவை நோயாளிகளிடமும் 2024-ல் அதே முடிவு. ஆனாலும் கேட்கிறோம்: மருந்து கூடிப்போகிறதா என்று மூளையிடமே கேட்க இதைவிட எளிய வழி இல்லை. முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் ஊசி போட்டால் குழப்பமே வராது என்று நம்புகிறவர்களும் உண்டு. இடுப்பு முறிவில் 2021, 2022 ஆண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகள் அப்படி எந்த வித்தியாசத்தையும் காணவில்லை.

அதனால் கருவியோடு கடமை முடிந்துவிடாது. அறுவைக்கு முன்பே ஐந்து நிமிடம் ஒதுக்கி நினைவாற்றலைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் கைக்கு வர வேண்டும். இரவில் வார்டு விளக்கை அணைக்க வேண்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், டாக்டர் அனுமதித்ததும் நடக்க வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. குழப்பம் வந்தால் டிஸ்சார்ஜ் தாளில் அது பதிவாக வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ எங்கள் உறுப்பினர் யார் சேர்ந்தாலும், முதல் இரண்டு இரவு சங்கத்து ஆள் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். குடும்பத்தார் தகவல் மட்டும் சொன்னால் போதும்.