வகுப்புக்கு ஒரு டவுட் நோட்டு



"யாருக்காவது டவுட் இருக்கா?" என்று சார் கேட்டதும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்கிறோமே, ஏன்? டவுட் இல்லாமலா? தப்பாக் கேட்டா பசங்க சிரிப்பாங்க, இங்கிலீஷ் வராது, அவ்வளவுதான். வீட்டில் கேட்கலாமென்றால் என் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான்தான்.

எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் மூன்றாம் செமஸ்டரிலிருந்து நூறு பக்க நோட்டு ஒன்றைக் கடைசி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். டவுட்டை யாரும் எழுதலாம், பெயர் போட வேண்டாம். பதில் தெரிந்தவர் அடியில் எழுதலாம்.

"டெயில்ஸ்டாக்கை நகர்த்தி வெளி டேப்பர் போடுறோம், உள் டேப்பர் ஏன் போட முடியாது?" என்று ஒருநாள் ஒரு கேள்வி. மூன்று பேர் மூன்று விதமாக எழுதினார்கள். நாலாவதாக ஒருவர் படமே போட்டுவிட்டார். ஜாப் இரண்டு சென்டருக்கும் நடுவில் நிற்கிறது. முனையை டெட் சென்டர் அடைத்துக்கொண்டிருந்தால் போரிங் டூல் எந்த வழியாக உள்ளே போகும்? புத்தகத்தில் ஒரே வரியில் இருந்தது அன்றைக்குத்தான் விளங்கியது. படம் போட்டது வகுப்பில் வாயே திறக்காத மாணவி! அவராகச் சொன்ன பிறகுதான் தெரியும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். நம்மில் பலர் வேலைக்குப் போகப்போகிற இடம். தொழிற்சாலைகளில் 'குவாலிட்டி சர்க்கிள்' என்று ஒன்று உண்டு. 1962-ல் ஜப்பானில் ஃபோர்மேன்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதைச் சேர்ந்து படித்துப் பேசக் கூடிய சிறு குழுக்கள்தான் குவாலிட்டி சர்க்கிள் ஆயின. முன்னின்றவர் கவோரு இஷிகாவா. நாம் வரைகிற மீன்முள் படம் அவருடையதுதான். இந்தியாவில் 1980-ல் ஹைதராபாத் பெல் தொழிற்சாலையில் இது தொடங்கியது. மிஷினை ஓட்டுகிறவனுக்கே அதன் கோளாறு தெரியும் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. அங்கே போய்ப் பேச வேண்டியவர்களை இங்கே மூன்று வருஷம் வாய்மூடப் பழக்குவது என்ன நியாயம்?

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். நோட்டுக்குப் பீரியடே தேவையில்லையே! தமிழில் எழுதினால் தரம் போய்விடுமாம். அண்ணா பல்கலைக்கழகமே 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியதை இவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

அடுத்த ஆண்டு மாணவர் சங்கம் எல்லா வகுப்புக்கும் ஒரு நோட்டு வாங்கித் தரட்டும். சார் வாரம் ஒருதரம் புரட்டிப் பார்த்து, தப்பான பதிலுக்குக் கீழே கோடு போட்டால் போதும். எழுதியது யாரென்று மட்டும் கையெழுத்தை வைத்துத் தேட வேண்டாம்.