பானெட்டுக்குள் ஒரு குறுக்குக் கம்பி

அனகாபுத்தூரில் ஒரு மெக்கானிக் ஷெட். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஹேட்ச்பேக் ஒன்று பானெட் திறந்தபடி நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இளைஞரின் கையில் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு கம்பி. ஆன்லைனில் வரவழைத்தது.

"அண்ணே, இதை மாட்டிட்டா வண்டி ஸ்ட்ராங் ஆயிடும்ல? எல்லாரையும் ஏத்திட்டு பைபாஸ்ல போறப்ப ஒரு மாதிரி ஆடுது. அம்மா பயப்படுறாங்க."

மெக்கானிக் கம்பியை வாங்கி, திருப்பிப் பார்த்து, பெஞ்சில் வைக்கிறார். "மாட்டலாம் தம்பி. மொதல்ல வண்டியத் தூக்கிப் பார்ப்போம்."

அவர் ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அந்தக் கம்பி என்ன செய்யும் என்று பார்த்துவிடலாம். அதன் பெயர் 'ஸ்ட்ரட் பார்'. பானெட்டைத் திறந்தால் இடமும் வலமும் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இரண்டு மேடுகள் தெரியும். முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல் முனை அங்கேதான் போல்ட் போட்டு நிற்கிறது. வேகமாகத் திருப்பும்போது சக்கரத்தில் விழும் விசை, இந்த மேடுகளைப் பக்கவாட்டில் அசைக்கப் பார்க்கும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் அசைவு குறையும். சக்கரம் நிற்கும் கோணம் மாறாது. ஸ்டீயரிங் இன்னும் துல்லியமாகப் பேசும்.

அனகாபுத்தூரில் தறி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான்கு சட்டங்களை மூலையில் மட்டும் பொருத்தினால், மிதிக்க மிதிக்க ஒரு பக்கமாகச் சாயும். குறுக்கே ஒரு கட்டை அடித்தால் நிற்கும்.

ஆனால், கார் வெறும் நாலு சட்டம் இல்லை. பேச்சுவழக்கில் நாம் 'சேஸி' என்கிறோமே, இன்றைய சின்ன கார்களில் அப்படித் தனியாக ஒன்று கிடையாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காருக்குத் தனி சேஸி இருந்தது; பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்காரும். அதே காலத்து அம்பாஸடருக்கு அது கிடையாது. தகடுகளை மடித்து வெல்டு செய்த பெட்டியேதான் அதன் எலும்புக்கூடு. 1983-ல் வந்த மாருதி 800-ம் அப்படியே. இதற்கு 'மோனோகாக்' என்று பெயர். ஷூ வாங்கும் அட்டைப்பெட்டி போல. மூடி இருந்தால் முறுக்குவது கஷ்டம். மூடியைக் கழற்றினால் சுலபமாகத் திருகும். கூரை இல்லாத கன்வர்ட்டிபிள் கார்களுக்கு கம்பெனியே அடியில் கூடுதல் குறுக்குச் சட்டங்கள் கொடுப்பது இதனால்தான்.

கூரையுள்ள காரில், அந்த இரண்டு மேடுகளும் விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கும் கனமான தடுப்புச் சுவரோடு ஏற்கெனவே வெல்டாகி நிற்கின்றன. எனவே கம்பி கூட்டித் தரும் விறைப்பு பெரும்பாலும் கொஞ்சம்தான். ஒரு காரை ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்று அளப்பார்கள். கம்பி விற்பவர்கள் அந்த எண்ணைச் சொல்வது அபூர்வம். 'ஹேண்ட்லிங் சூப்பர்' என்பதோடு சரி! இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் லேப்புக்கு லேப் எல்லை வரை விரட்டுபவருக்கு அந்தக் கொஞ்சமும் தெரியும். பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் பள்ளம் தாண்டிப் போய் வருபவருக்குத் தெரிவது சந்தேகம்.

வாங்கியே தீருவேன் என்றால், கம்பியின் இரு முனைகளைப் பாருங்கள். கீல் போல ஒற்றை போல்ட்டில் மடங்கும் முனையைவிட, ஒரே துண்டாக வெல்டு செய்தது மேல். அடித்தகடு தடிமனாக இருந்தால், சஸ்பென்ஷன் போல்ட்டில் நட்டுக்குப் போதுமான மரை மிஞ்சாது. அதைக் கவனிக்காமல் முடுக்குவது ஆபத்து. பானெட்டை மூடினால் இடிக்கக் கூடாது.

முக்கியமான விஷயம் வேறு. விறைப்பு வேறு, விபத்துப் பாதுகாப்பு வேறு. மோதும்போது காரின் முன்பக்கம் கணக்குப்படி நசுங்கி விசையை உள்வாங்க வேண்டும்; உட்காரும் கூண்டு நசுங்கக் கூடாது. 2018-ல் குளோபல் என்கேப் சோதனையில் இந்திய ஸ்விஃப்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தபோது அதன் பாடி ஷெல் 'நிலையற்றது' என்று குறித்தார்கள். அந்தக் குறையைக் கம்பி மாட்டிச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்க மேட்டில் பலமான அடி விழுந்தால், நடுவில் இருக்கும் கம்பி அதை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகலாம். அப்போது டிங்கரிங் செலவு இரட்டிப்பு.

கூண்டை உண்மையிலேயே பலப்படுத்துவது ரேஸ் கார்களில் உள்ளே வெல்டு செய்யும் 'ரோல் கேஜ்'தான். அதை வீட்டுக் காரில் போட்டால், ஹெல்மெட் இல்லாத தலை முதலில் இடிப்பது அந்தக் குழாயில்தான். தவிர, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஜனவரி 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் கம்பி வேறு. பாடியை அறுத்து வெல்டு வைப்பது வேறு.

சரி, ஷெட்டுக்கு வருவோம். வண்டி ஜாக்கில் ஏறிவிட்டது. மெக்கானிக் கடப்பாரை போட்டு நெம்ப, லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. ஒரு பக்க லிங்க் ராடு கையால் ஆட்டினாலே 'டொக் டொக்' என்கிறது.

"பைபாஸ்ல ஆடுனது இதுதான் தம்பி."

அடுத்து டார்ச்சை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டைத் தட்டிக்கொண்டே போகிறார். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர். பழைய வண்டி என்றால் அங்கே தட்டாமல் விடமாட்டார். ஓர் இடத்தில் சத்தம் மாறுகிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்துகிறார். புது அண்டர் கோட்டிங்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. துருவோடு காய்ந்த சேறும் உதிர்கிறது.

"வாங்கும்போது கீழ பார்த்தீங்களா?"

"இல்லண்ணே. பாடி பளபளன்னு இருந்துச்சு."

கூண்டைத் தாங்குவதில் இந்தப் பெட்டித் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இது அரித்துப்போன காரில் மேலே எத்தனை கம்பி மாட்டினாலும், கீழே பிடிமானம் இல்லை. பட்டி போட்டு மூடாமல், அரித்த பாகத்தை வெட்டி, அதே தடிமனில் நல்ல தகடு வெல்டு வைத்தாக வேண்டும்.

"எவ்ளோ ஆகும்ணே?"

"டிங்கர் வந்து பார்த்துதான் சொல்லணும். அந்தக் கம்பியத் திருப்பி அனுப்ப முடியுமா பாருங்க, புஷ்ஷுக்கு ஆச்சு."

இளைஞர் போனை எடுத்து, ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி என்ன என்று தேட ஆரம்பிக்கிறார்.