ஊராட்சி வரை வந்த இழை

வீட்டு இணையத்தின் வரலாறு பெரும்பாலும் கம்பியின் வரலாறே. 1995 ஆகஸ்டில் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. 2005இல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டையைத் தொடங்கியபோதும் அதே செப்புக் கம்பிதான். (நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அன்று அகலப்பட்டை!) இணைப்பகத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் அதில் சமிக்ஞை தேய்ந்துவிடும். கள்ளக்குறிச்சி போன்ற சமவெளி நகர்களுக்கு அது போதுமானதாயிற்று. ஓடையும் காடும் இடையிட்டுச் சிதறிக் கிடக்கும் கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு அம்முறை இயல்பிலேயே ஒவ்வாதது.

குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்தும் நாம், தலைவன் இரவில் கடந்துவரும் காட்டாற்றையும் மலைவழியையும் விரித்துரைக்கிறோம். அதே நிலத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளக்கும் திட்டங்களை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனத்துக்கு உரியது. பெரும்பகுதி மின்கம்பங்கள்மீது செல்லும் இவ்விழை, ஊராட்சியின் ஓர் அரசுக் கட்டடத்திலுள்ள கருவிப்பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து வீடுவரை இழுப்பது கேபிள்காரர் போன்றோரின் வேலை. சமவெளியில் ஒரே தெருவில் ஐம்பது வீடு கிடைக்கும். மலையில் ஐந்து வீட்டுக்காக இரண்டு கிலோமீட்டர் இழை இழுக்க எவர் வருவார்? மலை ஊராட்சி என்பது பல சிற்றூர்களின் தொகுப்பு. ஒன்றில் பெட்டி வைத்துவிட்டு அனைத்தையும் 'இணைக்கப்பட்டவை' என்று ஏட்டில் எழுதுவது என்ன கணக்கோ!

2018 முதல் பொறியியல் கலந்தாய்வே இணையவழிக்கு மாறிவிட்டது. சாதிச் சான்றும் உதவித்தொகையும் அவ்வழியே. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டிய நாளில் சமிக்ஞை தேடி மேடேறும் பிள்ளை, மதிப்பெண் இருந்தும் இடத்தை இழக்கக்கூடும்.

4ஜி எட்டாத 24,680 சிற்றூர்களுக்கென மத்திய அரசு 2022இல் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கோபுரங்கள் வரட்டும், நல்லதே. ஆயினும் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியைப் பங்கிட்டுப் படிப்பதை வீட்டு இணையம் என்று நாம் ஒப்பமாட்டோம். கேரளம் 2023இல் தொடங்கிய கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. நிறைவேற்றம் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். கணக்கு வீட்டிலிருந்து தொடங்குகிறதே, அதுதான் நமக்கு வேண்டியது. கல்வராயன் மலையில் கடைசித் தொலைவின் செலவை அரசே ஏற்கவேண்டும்.

2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது; மலைச்சாலைகள் பற்றியும் அதில் பேச்செழுந்தது. சாலை போடும்போதே இழைக்கான குழாயையும் புதைத்துவிட்டால் காட்டுநிலத்தை இருமுறை தோண்ட வேண்டா. வனத்துறை அனுமதிக்கும் இருமுறை அலைய வேண்டா.