எங்களை யார் கேட்டது?

2024 ஜூன் 1-ந் தேதி மாலை. பார்லிமெண்ட் தேர்தலின் ஏழாவது கட்ட ஓட்டுப் பதிவு முடிந்த கையோடு தொலைக்காட்சிக் கம்பெனிகள் கடை விரித்தன. ஆளும் கூட்டணிக்கு 350 இடம் என்றது ஒன்று. 370 என்றது இன்னொன்று. 400-ஐத் தொட்டாலும் தொடும் என்றது மற்றொன்று! ஓட்டு எண்ணுவதற்கு மூன்று நாள் முன்பாகவே பட்டாபிஷேகத்தை நடத்தி முடித்துவிட்டார்கள்.

ஜூன் 3, திங்கட்கிழமை. பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியீடு ஒரே நாளில் 2,500 புள்ளிக்கு மேல் எகிறியது. மறுநாள் ஓட்டு எண்ணினார்கள். ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தது 293. பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. மெஜாரிட்டிக்கு 32 குறைவு. அன்றே குறியீடு 4,390 புள்ளி சரிந்தது. பங்குகளின் மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் கரைந்து போயிற்று. காகிதக் கணக்குத்தான், ஆலை எதுவும் இடிந்து விழவில்லை. இருந்தாலும் ஒரு ஒப்புக்குச் சொல்கிறேன்: அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகை 86,000 கோடி. முப்பத்தாறு வருஷத்துக்கு அப்படி ஒதுக்கக் கூடிய தொகை, ஒரு பொய் ஜோசியத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரே பகலில் கீழே விழுந்தது!

கணிப்பு நடத்திய ஒருவர் தொலைக்காட்சியிலேயே கண்ணீர் விட்டார். பாவம். ஆனால் இந்தப் பித்தலாட்டம் அன்றைக்குப் புதிதாக முளைத்ததா?

மூத்த தோழர்களுக்கு 2004 நினைவிருக்கும். 'இந்தியா ஒளிர்கிறது' என்று சர்க்கார் பணத்தில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தார்கள். ஜெயித்தே விட்டோம் என்ற மிதப்பில் தேர்தலை மாதக் கணக்கில் முன்னுக்கு இழுத்தார்கள். கணிப்புக் கம்பெனிகளும் வாஜ்பாய் கூட்டணியே முதலில் வரும் என்று ஒத்து ஊதின. மே 13-ந் தேதி பெட்டி திறந்தது. பா.ஜ.க.வுக்கு 138, காங்கிரசுக்கு 145, இடதுசாரிகளுக்கு 59. தமிழ்நாட்டில் ஆளும் கூட்டணி ஒரு இடம் கூட வாங்கவில்லை. கடன் தாங்காமல் செத்த விவசாயியின் வீட்டிலும், பூட்டிய மில்லின் வாசலிலும் எந்த ஒளி இருந்தது? அங்கே போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கணக்கு சாஸ்திரத்தோடு நமக்குச் சண்டை இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சாஸ்திரம். ஆனால் அவர்கள் கரண்டியை அடி வரை விட்டுக் கிளறி எடுத்துத்தான் பதம் பார்ப்பார்கள். மேலாக மிதப்பதை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால் அடியில் அரிசி அரிசியாகவே இருக்கும். இந்தக் கம்பெனிகளின் கரண்டி எது வரை போகிறது என்பதே கேள்வி.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உண்டு. 1936-ல் அங்கே ஜனாதிபதி தேர்தல். பதவியில் இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து லாண்டன் நின்றார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பெரிய பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குக் கார்டு அனுப்பியது. ஒரு கோடி! அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேரைக் கேட்டவர்கள் அபூர்வம். சுமார் 23 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? நாட்டின் 48 மாகாணங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார்.

விலாசம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். டெலிபோன் புத்தகத்திலிருந்தும், கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும்! வேலையில்லாமல் ரொட்டிக்கு வரிசையில் நின்றவனிடம் டெலிபோன் ஏது, கார் ஏது? கார்டு கிடைத்தவர்களிலும் நாலில் ஒருவர்தான் பதில் போட்டார். சங்கம் வைக்கும் உரிமைக்கு முந்திய ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. அதை மனதில் வைத்து ஓட்டுப் போட்ட ஆலைத் தொழிலாளியைத் தேடி அந்தக் கார்டு பெரும்பாலும் போகவே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் பத்திரிகையே மூடப்பட்டது. அதே தேர்தலில் காலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். ஆக, எத்தனை பேரைக் கேட்டாய் என்பதைவிட யாரைக் கேட்டாய் என்பதே முக்கியம். 1948-ல் அதே காலப்பும் தவறினார் என்பது வேறு விஷயம். தேர்தலுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கேட்பதை நிறுத்திக்கொண்டு, தோற்கப் போகிறார் என்று அவர் சொன்ன ட்ரூமன் ஜெயித்தார்.

இனி நம் பக்கம் வருவோம். 2024 தேர்தல் சமயம், கீழத்தஞ்சையில் ஒரு கிராமம். நூறு நாள் வேலை நடந்த குளக்கரையில் நான் நின்றிருந்தபோது, கணிப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். பட்டம் படித்தவன். ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாளைக்கு இருபத்தைந்து முடித்தால்தான் பெட்ரோல் போகக் கையில் மிஞ்சுமாம். அவனும் கூலிக்காரன்தான், அவன் மேல் நமக்குக் கோபமில்லை. மண் சுமந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை நிறுத்தி, யாருக்கு ஓட்டு என்று கேட்டான். பக்கத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற ஆள் நின்றார். அந்த அம்மா அவரை ஒரு தரம் பார்த்தாள். அவருடைய கட்சியின் பெயரைச் சொன்னாள். பையன் விரலால் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு என்னிடம் சொன்னாள்: "கேக்குறவன் யாரு எவருன்னு தெரியாம மனசைத் தொறந்து காட்டிர முடியுமா தோழர்? நாளைக்கு அட்டையில கைய வச்சா யாரு கேப்பா?"

ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று ஏன் சட்டம் செய்தார்கள்? பண்ணையாரின் கண்ணுக்கும் முதலாளியின் கண்ணுக்கும் எட்டாத ஒரு மறைப்பு ஏழைக்கு வேண்டும் என்பதற்காக. அந்த மறைப்பை விலக்கி நடு வெளியில் கேட்டு வாங்குகிற பதிலுக்குத்தான் 'ஜனங்களின் கருத்து' என்று பெயர்!

தேர்தல் கணிப்பாவது பெட்டி திறந்ததும் பல்லை இளித்துவிடும். சர்க்காரின் கொள்கைகளைப் பற்றிக் கேட்கிற கணிப்புக்குப் பெட்டியே கிடையாது. அதனால் அதில் புரட்டு இன்னும் சுலபம். வேலை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். 'தொழில் வளர, முதலீடு பெருக, வாரத்தில் மூன்று நாள் விடுமுறையும் கிடைக்க, வேலை நேரத்தை வசதிப்படி மாற்றிக்கொள்ளலாமா?' என்று கேட்டால் நூற்றுக்கு எழுபது பேர் தலையாட்டக் கூடும். 'ஸ்பின்னிங் மிஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சம்மதமா?' என்று கேட்டுப் பாருங்கள்! இரண்டும் ஒரே சட்டத்தைப் பற்றிய கேள்விதான். கேள்வியை எழுதுகிறவன் பதிலில் பாதியை அதிலேயே எழுதிவிடுகிறான்.

இது கற்பனையல்ல. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஃபாக்டரிச் சட்டத் திருத்தம் குரல் ஓட்டில் நிறைவேறியது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது என்று மந்திரிகள் சமாதானம் சொன்னார்கள். மில் வாசலில் நின்று பழகியவனுக்குத் தெரியும், சூப்பர்வைசர் முன்னால் 'விருப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று! கம்யூனிஸ்டுகளும் மற்றத் தோழமைக் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொடி வித்தியாசம் பாராமல் எழுந்தன. ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கமே எதிர்த்தது. ஏப்ரல் 24-ந் தேதி சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். இந்தப் பத்து நாளில் தொழிலாளி தன் கருத்தைச் சொன்னானா இல்லையா? எந்தக் கம்பெனி ஃபாரத்தில் அதை நிரப்பியது?

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமாகக் கணிப்பு வந்தால் 'பார்த்தாயா' என்று கிளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறோம். பாதகமாக வந்தால் முதலாளித்துவச் சூழ்ச்சி என்கிறோம். இரண்டும் கூடாது. தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஓட்டு எண்ணும் முன்பே சோர்ந்து போகிற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். சோர்ந்த ஏஜெண்டு எண்ணும் இடத்தில் கண்ணை அகல வைத்துக்கொண்டா உட்காருவான்? ஆளுகிறவனுக்கு அது போதுமே!

ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டதைக் கடைசிக் கட்டம் முடியும் வரை வெளியிடக் கூடாது என்று 2009-ல் சட்டம் செய்தார்கள். முன்கூட்டிக் கேட்கிற கணிப்புகளுக்குத் தடை ஓட்டுப் பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் மட்டுமே. அதற்கு முன்னால் வாரக் கணக்கில் அவர்கள் இஷ்டம். தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே அதை நிறுத்த வேண்டும். மற்றக் காலங்களில் வெளியிடும் ஒவ்வொரு கணிப்புடனும் பணம் கொடுத்தது யார், கேட்ட கேள்வி என்ன, கூலிக்காரர் எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்த இடத்தில் வைத்துக் கேட்டார்கள் என்பதை அதே அளவு எழுத்தில் அச்சடிக்கச் செய்ய வேண்டும். கிளைகள் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றித் தேர்தல் கமிஷனுக்கு அனுப்பட்டும்.