நாய்க்குப் பேர் இருக்கு

போன வருசம் கெம்பஸில் மலையகம் பற்றி ஒரு நிகழ்வு. போஸ்டர் செய்யும் வேலை என் தலையில். இணையத்தில் தேடி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தேன். தேயிலைக்கு நடுவே கூடையோடு நாலு பெண்கள். மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் வரலாறு' என்று போட்டேன். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க.

லீவுக்குப் பதுளைக்கு வந்தப்போ அம்மாயிக்குப் போனில் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "இது வேலை செய்யுறப்ப எடுத்தது இல்லடா. படங்கு கட்டல. கூடையில ஒண்ணுமில்ல. சீலை மடிப்புக்கூட கலையல. நிக்கச் சொல்லி எடுத்திருக்கான்." பிறகு ஒரு கேள்வி: "இவங்கெல்லாம் யாரு?"

எனக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே எடுத்த துரையின் பேர் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து துரைமார் குடும்ப ஆல்பங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசிடம் போயின. துரைமார் ஆல்பங்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் ஸ்கேன் பண்ணிப் போடுகிறார்கள். உண்மையைச் சொன்னால், பார்க்க ஆசையாகத்தான் இருக்கு. பங்களா புல்வெளி, கிளப்பில் டென்னிஸ், மூடுபனிக்குள் ஒரு பழைய கார். ஐம்பதுகளின் ஆல்பம் ஒன்றில் துரைசாணி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஆயா. கீழே கையெழுத்தில் எல்லாருடைய பேரும் இருக்கு. நாயின் பேரும் இருக்கு. ஆயா வெறும் 'ஆயா'.

துரைக்குப் பேர் தெரியாமல் இல்லை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் ஒவ்வொரு ஆளுக்கும் நாள்தோறும் பேர் விழுந்ததா இல்லையா என்று கணக்கு வைத்த அதே பங்களாவில்தான் இந்த ஆல்பமும் இருந்தது. சம்பளம் வெட்ட ஒரு பேர் தேவைப்பட்டது. படத்துக்குத் தேவைப்படவில்லை.

பெரிய கலைஞர்களும் விதிவிலக்கில்லை. ஜூலியா மார்கரெட் கெமரன், டார்வினையும் டென்னிசனையும் படமெடுத்தவர். அவருடைய கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கே வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கே எடுத்தவற்றில் மிகச் சில படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்றின் தலைப்பு 'களுத்துறை விவசாயிகள் குழு'. டார்வினுக்குப் பேர், களுத்துறைக்காரருக்குக் குழு. படம் அழகுதான், அதை மறுக்கவில்லை.

அப்படியென்றால் இதையெல்லாம் தூக்கி வீசணுமா? நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்றாங்க. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லயத்தில் அப்போது யாரிடம் கெமரா இருந்தது? சீலையை எப்படிக் கட்டினார்கள், காதில் என்ன போட்டார்கள், லயத்துக் கூரை எப்படி இருந்தது என்று பார்க்க வேறு படமே இல்லை. என் குற்றச்சாட்டு என் மேல்தான். துரை நிற்க வைத்து எடுத்ததை ஒரு கேள்வியும் கேட்காமல் 'எங்கள் வரலாறு' என்று ஒட்டியது நான். தம்பேத்தன்னையில் லிப்டன் சீட்டுக்குப் போகும் வழியில் டூரிஸ்ட்காரர்கள் கொழுந்தெடுக்கும் அக்காமாரை நிறுத்திப் படமெடுப்பதை நக்கலடிக்கிற ஆளும் நானேதான்.

அம்மாயியிடம் ஒரு படம் இருக்கு. தகரப் பெட்டியில், சாரிக்கு அடியில். எழுபதுகளில் பதுளை டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. ஏழு பேர் வரிசையாக, யாரும் சிரிக்கவில்லை. பெரிய மாமா போட்டிருப்பது இரவல் சட்டை. பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருசம் கழித்துப் பாதி பாதியாகப் பங்குபோட்டார்கள். அந்த ஏழு பேரில் மூன்று பேர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். எங்கள் குடும்பம் காசு கொடுத்து எடுத்த முதல் படமே பிரிவதற்காக எடுத்தது. பின்பக்கம் ஏழு பேரும் பேனாவால் எழுதியிருக்கு.

(அந்தப் பேர்களை இங்கே போடவில்லை. போன மாமா குடும்பத்தைக் கேட்காமல் போட எனக்கு உரிமையில்லை.)

இப்படிப்பட்ட பெட்டிகள் எத்தனை லயத்தில் இருக்கும்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களோடு ஆட்களும் மண்ணுக்குள் போனார்கள். ஆட்களைத் தேடிய இடத்தில் படங்களை யார் தேடுவது. நம்ம லயங்கள் நிற்கிற இடமும் அப்படிப்பட்ட மலைகள்தான்.

ஆகவே இந்த லீவில் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கேன். துரைமார் ஆல்பங்களில் நம்ம பக்கத்துத் தோட்டப் படங்கள் இருந்தால் பிரிண்ட் போட்டு, வயசான ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்டுறேன். வீட்டுப் பெட்டியில் இருப்பதைப் போனில் எடுத்து, சொல்லும் பேர்களை எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் படத்தில் இருப்பது யாரென்று தெரிவதில்லை. ஆனால் இடம் தெரிகிறது: "இது பழைய மடுவம்", "இந்தப் பலாமரம் இப்ப இல்ல".

போன கிழமை ஒரு படத்தை அம்மாயி ரொம்ப நேரம் பார்த்தாங்க. மடுவத்து வாசலில் தராசுக்குப் பக்கத்தில் மூன்று பெண்கள். ஓரத்தில் நிற்கும் பெண்ணின் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பச்சை குத்துனத நான் எங்கயோ பாத்திருக்கேன். கீழ் டிவிசன்ல ஒரு கிழவி இருக்கு, அதுக்குத்தான் தெரியும்" என்றாங்க.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.